வீரம்மா கட்டிய நூல்

போன கிழமை மிளகாய் மடித்துக் கொடுக்கும் சரை சுற்றுவதற்கென்று என் கடைக்கு ஒரு கட்டுப் பழைய தாள் வந்தது. கண்டியில் ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரிலிருந்து கழித்துவிட்ட அச்சுத் தாள்கள். ஒன்றைக் கிழிக்கப் போனேன், கை நின்றுவிட்டது. "எண்பத்து நான்கு பெண்கள் இரண்டாம் வேளை மருந்தை மறுத்தனர். காரணம், மூடநம்பிக்கை" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி: "ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது. தன் நிலையை அவள் மறைத்திருந்தாள்."

அந்த இரண்டு வரிகளும் எனக்குப் புதியவை அல்ல. பதினொரு வருடத்துக்கு முன்னால், 1926இல், வெள்ளைக்கார டொக்டர் துரை சொல்லச் சொல்ல எழுதி, பிறகு நல்ல தாளில் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான்தான். என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு அவர் மெச்சினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாசமாய்ப் போன கையெழுத்து.

மூடநம்பிக்கையாம். யாருடைய மூடநம்பிக்கை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இனி எனக்கு மறுவேலை. அதைச் சொல்வதென்றால் வீரம்மாவைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

வீரம்மா கலஹாவுக்கு மேலே மூங்கில்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆறு வயதில் தாயோடு புறப்பட்டு, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்தவள். மலைக்கு வந்து சேர்ந்தபோது தாய் இல்லை. வழியில் வாந்திபேதியில் போய்விட்டாள். வளர்ந்து கட்டிக்கொடுத்த புருஷனும் முப்பது வயதுக்குள் நெஞ்சு வலியில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடியது அவள்தான். வயிற்றில் கை வைத்தால் எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவாள். எழுத்து வாசனை கிடையாது. வாய் மட்டும் அரிவாள். கங்காணிகளே அவள் வரும் பாதையைப் பார்த்துத் தங்கள் பாதையை மாற்றிக்கொள்வார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் இதே கம்பளை. இங்கிலீசும் தமிழும் எழுதத் தெரியும் என்பதால் கலஹாக் கடைவீதியில் புழு ஆராய்ச்சிக்கென்று எடுத்திருந்த இரண்டு அறைக் கட்டடத்தில் எழுத்து வேலை கிடைத்தது. கொழுக்கிப்புழு வெறுங்காலோடு மண்ணில் நடப்பவனின் பாதத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலைப் பிடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். தோட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் வெளுத்து, கால் வீங்கி, மலையேறினால் மூச்சு வாங்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அந்தப் புழு உண்மை, அதைக் கொல்ல வேண்டும் என்பதும் உண்மை. வழக்கமான அளவைவிடக் கூட்டி, பத்து நாள் இடைவிட்டு இரண்டு வேளை மருந்தெண்ணெய் கொடுத்தால் புழு எவ்வளவு சாகிறது, மனிதனுக்கு என்ன கெடுதி வருகிறது என்று பார்ப்பதுதான் டொக்டர் துரையின் ஆராய்ச்சி. என்ன கெடுதி வருகிறது என்று பார்ப்பது. இதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் ஆளுக்கொரு தகர டப்பா கொடுப்போம், சுண்ணாம்பு டப்பா அளவுதான் இருக்கும். மேலே நம்பர் ஒட்டியிருக்கும். காலையில் மலத்தில் கொஞ்சம் அதில் எடுத்து வைக்கவேண்டும். தபால் பெட்டியோடு தினமும் தோட்டத்திலிருந்து கலஹாவுக்கு நடந்து வரும் கறுப்பையா அந்த டப்பாக்களையும் சாக்கில் போட்டுச் சுமந்து வருவார். லயத்தில் டப்பாவைக் கொடுத்து வாங்கும் வேலை வீரம்மாவுக்கு. ஆண் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை, மானம் போகுமாம்.

அந்த வேலையையும் அவள் அரைகுறையாகச் செய்யவில்லை. மூன்றாம் லயத்தில் ஒருத்தன் சோம்பேறிகளுக்கெல்லாம் தன்னுடையதையே பங்குபோட்டு ஒன்பது டப்பாவை நிரப்பியிருந்தான். வீரம்மா ஒன்பதையும் திறந்து பார்த்துவிட்டு அவன் வாசலிலேயே வரிசையாக அடுக்கினாள்.

"ஏன்டா, ஒன்பது வீட்டுக்கும் நீதான் சாப்பிடுறியா? நாளைக்கு ஒன்பது பேரு மருந்தையும் உன் தொண்டையிலயே ஊத்தச் சொல்றேன், இரு" என்றாள். மறுநாள் ஒன்பது டப்பாவும் ஒழுங்காக வந்தன.

டப்பா கொடுத்த முதல் நாள் நான் லயத்துக்குப் போய் டொக்டர் துரையின் அறிவித்தலைத் தமிழில் வாசித்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்த மருந்து ஆகாது, அவர்கள் மருந்து கொடுக்கும் நாளில் பெரட்டுக்களத்தில் தனியே ஒதுங்கி நிற்கவேண்டும் என்று அதில் இருந்தது. பெரட்டுக்களம் என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கூடிப் பேர் கொடுக்கும் இடம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை, கணக்கப்பிள்ளை, கங்காணிமார், மாமனார், கொழுந்தன் அத்தனை பேரும் நிற்பார்கள்.

வீரம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, அத்தன ஆம்பளைக்கு மின்னாடி எங்க புள்ளைங்க ஒதுங்கி நிக்குமா? ஏழாம் மாசம் வளையல் போடுற வரைக்கும் புருசன் வீட்டு ஆம்பளைங்க காதுலயே போடமாட்டோம். கண்ணு பட்டுடும்."

"அப்ப நீங்க எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. சொன்னாப் போதும்" என்றேன். அவ்வளவு லேசாகச் சொன்னேன். எப்படி அனுப்புவாள், எழுதத் தெரியாதவள், யாரிடம் சொல்லி அனுப்புவாள் என்று ஒரு நிமிடமாவது யோசித்தேனா? இல்லை. வெற்றிலை போட வெளியே போய்விட்டேன்.

மூன்றாம் நாள் வந்த சாக்கில் ஏழு டப்பாக்கள் மேல் மஞ்சள் தடவிய நூல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. நூல் நம்பரை மறைத்தது. கறுப்பையாவைப் பார்த்து, "என்னா இது?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வீரம்மா கட்டுனது தம்பி" என்றார். சாக்கை உதறிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. கம்பளையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தோட்டத்து ஆட்களைத் தெரியாதா? காய்ச்சல் வந்தால் நூல், மாடு காணாமல் போனால் நூல், முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டு கையில் காலில் நூல். இங்கிலீஸ் மருந்துக்குப் பயந்து டப்பாவுக்கும் சாமி நூல் கட்டிவிட்டார்கள் என்று சிரித்தேன். டப்பாவில் புழு முட்டை உண்டா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பவரிடமும் சொல்லிச் சிரித்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஏழையும் வெட்டினேன். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஏழு பேருக்கும் புழு இருந்தது. ஏழு பேரையும் மருந்துப் பட்டியலில் சேர்த்தேன்.

மருந்து கொடுத்த சனிக்கிழமை வீரம்மா களத்தில் இல்லை. கீழ்ப் பிரிவில் ஒருத்திக்கு இரண்டு நாளாக வலி என்று போயிருந்தாள். டொக்டர் துரை கணக்கப்பிள்ளை மூலம் உரக்கக் கேட்டார், பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தால் ஒதுங்கட்டும் என்று. ஒருத்தியும் அசையவில்லை. நான் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டேன். ஏழு பேரும் வந்து சீனியில் விட்ட எண்ணெயை விழுங்கினார்கள். ஏன் விழுங்கினார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வீரம்மாதான் நூல் கட்டி அனுப்பியிருக்கிறாளே, டொக்டருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் கூப்பிடுகிறார் என்றால் தங்களுக்குக் கொடுப்பது கெடுதியில்லாத வேறு மருந்தாக இருக்கும் என்று நம்பினார்களாம். எங்களை நம்பினார்கள்.

அன்று பின்னேரமே சுந்தரிக்கு வயிற்றுவலி கண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணம் ஆகி ஆறு வருடத்துக்குப் பிறகு தரித்தது. ஐந்து மாதம், ஆண் பிள்ளை. இந்தச் சுந்தரி வேறு யாருமில்லை, தபால் கறுப்பையாவின் மருமகள்.

புதன்கிழமை காலை வீரம்மா ஆறு மைல் நடந்து எங்கள் கட்டடத்துக்கு வந்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஏழு டப்பாவுல நூல் கட்டியிருந்தேனே, அது எங்க?"

"அந்தச் சாமி நூலா? நம்பரை மறைச்சிச்சு. வெட்டிப் போட்டுட்டேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாமி நூலா? எந்தச் சாமிக்குடா பீ டப்பாவுல நூலு கட்டுவாங்க? வயித்துல புள்ள இருக்கவளுக்கெல்லாம் கட்டி அனுப்புனேன். இவளுகளுக்கு மருந்து குடுக்காதீங்கன்னு கறுப்பையா அண்ணங்கிட்ட படிச்சிப் படிச்சிச் சொல்லிவிட்டேன். சொல்லலியா அவரு?"

அந்த நேரம் கறுப்பையா தபால் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். வீரம்மா திரும்பினாள்.

"சொல்லலியாண்ணே நீங்க?"

கறுப்பையா பெட்டியை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே அழுதார்.

"மருமக சமாச்சாரத்த எப்புடித்தா வெளி ஆம்பளகிட்ட என் வாயால சொல்லுவேன்? நூலு இருக்கே, படிச்ச புள்ளைங்க, பாத்தா தெரியும்னு இருந்துட்டேன்" என்றார்.

படிச்ச புள்ளைங்க. யா அல்லாஹ், அந்தச் சொல்லைக் கேட்டதும் என் படிப்பின் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

"போனது போச்சு" என்றாள் வீரம்மா. "பாக்கி ஆறு பேரு இருக்காளுக. வர்ற செவ்வாக்கெழம ரெண்டாம் வேள. அந்த ஆறு பேரையும் அழிச்சிடு பட்டியல்ல இருந்து."

அன்றே டொக்டர் துரையிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன், நூலை வெட்டியதையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொறுமையாகக் கேட்டார். நூல் ஒரு சான்று ஆகாது என்றார். களத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன், யாரும் சொல்லவில்லை, கலைந்தவள் தன் நிலையை மறைத்திருந்தாள் என்று எழுதியாயிற்று என்றார். ஒரு மருத்துவச்சியின் பேச்சை வைத்து ஆறு பேரை நடுவில் எடுத்துவிட்டால் எண்பத்து நான்கு பேரின் கணக்கும் கெட்டுவிடும் என்றார்.

"அவர்கள் சொந்த வாயால் களத்தில் சொல்லட்டும். அந்த நிமிடமே விட்டுவிடுகிறேன்" என்றார்.

கெடுதியை ஆராய வந்தவருக்குக் கெடுதி கண் முன்னால் வந்து நிற்கிறது. களத்தில் கைகட்டி நின்று இங்கிலீஸ் முறைப்படி சொன்னால்தான் அது கெடுதியாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஊருக்கு வந்தபோது என் மனைவி உம்மு குல்சுமிடம் இதைச் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம்.

"ஒரு வார்த்தை சொன்னா அந்த ஆறு பேரும் தப்பலாம். வாயைத் திறந்து சொல்ல ஏலாதா இவளுகளுக்கு?" என்றேன்.

அவள் சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"எனக்கு இப்ப மூணு மாசம். உங்கட வாப்பாக்கு முன்னால போய் நான் சொல்லுவேனா? உங்களுக்குச் சொல்லவே இவ்வளவு நாளாச்சு" என்றாள்.

நான் தகப்பனாகப் போகிறேன் என்று தெரிந்துகொண்டது இப்படித்தான். சந்தோஷப்படக்கூட முடியவில்லை. சோறு ஆறிப்போனது.

செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் கறுப்பையாவிடம் வீரம்மாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினேன். டொக்டர் சம்மதிக்கவில்லை, களத்தில் அவர்களே சொன்னால்தான் விடுவாராம், அந்த ஆறு பேரிடமும் சொல்லுங்கள், சுந்தரி மறைத்தாள் என்றும் எழுதிவிட்டார் என்று. இந்த முறை அவர் ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

விடிந்ததும் களத்தில் மருந்துப் போத்தல், சீனி, கரண்டி எல்லாம் மேசையில் இருந்தன. மருந்து குடிக்காதவர்களுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது கூலி இல்லை என்று கணக்கப்பிள்ளை கத்திச் சொல்லியாகிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். நான் முதல் பேரைக் கூப்பிட்டேன். அவள் ஐம்பது வயதுக்காரி. வந்து நின்று வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல், மூன்று சுற்று.

அடுத்தவளுக்கும் அதே நூல். அதற்கடுத்தவளுக்கும். பூப்படைந்து ஒரு வருடம்கூட ஆகாத சிறுமிக்கும் நூல். பல் போன கிழவிக்கும் நூல். எண்பத்து நான்கு கைகள். வரிசையின் கடைசியில் வீரம்மா நின்றாள், அவளுக்கும் புழு இருந்ததால் அவள் பெயரும் பட்டியலில் உண்டு. தாலி அறுத்த நாளிலிருந்து தன் உடம்பில் மஞ்சள் படவிடாத பெண்பிள்ளை. அவள் கையிலும் மஞ்சள் நூல். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டது.

"இது என்ன?" என்று டொக்டர் துரை என்னைக் கேட்டார்.

"சொல்லு தம்பி" என்றாள் வீரம்மா. "நூல் கட்டுனவ எல்லாம் புள்ளத்தாச்சின்னு சொல்லு. களத்துல வச்சி ஆம்பளைங்க மின்னாடி சொல்லணும்னாரே, சொல்லியாச்சி."

நான் ஒரு சொல் மாற்றாமல் இங்கிலீசில் சொன்னேன். டொக்டர் முகம் சிவந்தது.

"இந்தக் கிழவியுமா?"

"நாந்தான் மொதல்ல" என்றாள்.

யாருக்கு உண்மையில் வயிற்றில் இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்க்கத் தோட்டம் சம்மதிக்காது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்து, பேரைப் போட்டு எல்லாரையும் மலைக்கு அனுப்பு என்று கணக்கப்பிள்ளையிடம் எரிந்து விழுந்தார். அவருக்குப் பிள்ளையும் ஒன்றுதான், புழுவும் ஒன்றுதான். கொழுந்து வரவேண்டும்.

வரிசை கலையும்போது டொக்டர் ஒருத்தியை நிறுத்தினார். சுந்தரி. பிள்ளை போன ஐந்தாம் நாளே கூடை தூக்கி வந்தவள். அவள் கையிலும் நூல் இருந்தது.

"இவளுக்குத்தான் கலைந்துவிட்டதே. இவள் ஏன் கட்டியிருக்கிறாள், கேள்" என்றார்.

அதை நான் தமிழில் கேட்டேன். கேட்டேன், வேறென்ன சொல்ல.

சுந்தரி என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்தாள். மாமனார் கறுப்பையா நாலடி தூரத்தில் நிற்கிறார், புருஷன் நிற்கிறான், தோட்டமே நிற்கிறது.

"நா மறைச்சேன்னு எழுதியிருக்காராமே. மறைக்கல. எனக்கு வயித்துல புள்ள இருந்துச்சி. அஞ்சு மாசம். இப்ப எல்லாருக்கும் மின்னாடி சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க."

நான் அதையும் இங்கிலீசில் சொன்னேன். டொக்டர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். அடுத்த வாரம் அறிக்கையைச் சொன்னபோது "மறைத்திருந்தாள்" என்ற சொல் அப்படியே இருந்தது. "மூடநம்பிக்கை" புதிதாகச் சேர்ந்தது. இரண்டையும் என் கைதான் எழுதியது. வேலை போய்விடும் என்று பயந்தேன், வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிரதி எடுத்துக் கொடுத்த மறுமாதம் வேலையை விட்டதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விடவேண்டிய நாள் அதற்கு முந்தினது.

ஆறு பிள்ளைகளும் பிறந்தன. ஆறும் வீரம்மாவின் கையில் விழுந்தன. ஒன்று இப்போது கலஹா பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறது, என்னைக் கண்டால், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, "நானா" என்று கூப்பிட்டு ஓடி வரும். சுந்தரிக்குப் பிறகு தரிக்கவில்லை. முப்பத்தைந்தாம் வருடம் மலைக்காய்ச்சல் கம்பளை, கண்டி எங்கும் ஆட்களை வாரிக்கொண்டு போனபோது வீரம்மாவும் போனாள். யாருக்கோ கஞ்சி கொண்டுபோன இடத்தில் பிடித்துக்கொண்டதாம். எனக்குச் சேதி வந்தபோது புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றியும் யாராவது அறிக்கை எழுதியிருப்பார்கள். அவளுக்கு அதில் என்ன காரணம் போட்டார்களோ.

அந்தத் தாளில் மிளகாய் சுற்றவில்லை. கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு உட்கார்ந்து, அச்சடித்த வரியின் ஓரத்தில் அதே முத்துக் கையெழுத்தில், இந்த முறை தமிழில் எழுதினேன்: "சுந்தரி மறைக்கவில்லை. டப்பாவில் நூல் கட்டியிருந்தது. அதை வெட்டியவன் லாபிர்."